'காரர்' என்னும் ஈறும் பால் உணர்த்தலும்: மாட்டுங்கா லேபர் கேம்ப்பை முன்வைத்து

மும்பையில் தாராவியை ஒட்டியுள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் தமிழும் மராத்தியும் அடுத்தடுத்த வாயில்களில் வழங்குகின்றன. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து பிழைப்பு நாடிப் பெயர்ந்தோர் கொண்டுவந்த 'காரன், காரி' என்னும் ஈறுகளின் உறவுமுறைச் சொற்கள், உருத்தேய்ந்த நிலையில், அச்சுற்றுப்புறத்திலேயே இருந்தன என்பது சுவையான செய்தி. தாராவியின் கும்பார்வாடா, குஜராத்திலிருந்து வந்த குயவர்களின் இருப்பிடம். 'கும்பார்' என்பது 'கும்பகார' என்னும் வடசொல்லின் திரிபு. பிராகிருதத்தில் இடைநின்ற ககரம் கெட்டது. 'சுவர்ணகார' என்பது மராத்தியில் 'சோனார்' ஆனதும் இவ்வாறே.

தமிழோ ககரத்தைக் கெடாமற் காத்து, தன் பால் ஈறுகளை அதன்மேல் ஏற்றியது. கொல்லன், குயவன் என அடிச்சொல்லோடு நேரே இயைந்த அன் ஈறு, 'வண்டிக்காரன்' என்பதில் 'கார்' என்பதன் வழியாக இயைகிறது. தொழிலைக் கடந்து 'ஊர்க்காரன்' எனவும் இது விரிந்தது. மராத்தியில் உயிரற்ற பொருள்களுக்கும் பாலுண்டு. ஆணைக் குறிக்கும் 'கும்பார்', ஈண் விகுதி பெற்றுக் 'கும்பாரீண்' எனப் பெண்ணைக் குறிக்கும். ஜெர்மனில் சிறுமைப் பொருள் விகுதி ஏற்றமையால், சிறுமியைக் குறிக்கும் 'மேட்சென்' என்னும் சொல்லே அலிப்பாலாகிறது. விகுதி பொருளை வெல்லும் இந்நிலை தமிழ்ப் பெயர்களில் இல்லை என்றே பொதுவாகக் கருதப்படும்.

ஆயினும் மதிப்பு குறுக்கிடும்போது சிக்கல் எழுகிறது. ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கினால் வந்த உயர்சொல், இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுத்தார். அவ்வழக்கே இன்று நெறியாகிவிட்டது. அர் ஈறு ஆண், பெண் இருபாற்கும் பொது. ஆனால் 'பூக்காரர் வந்தார்' என்றால் கேட்போர் ஆணையே கருதுவர். பெண்ணுக்கு மதிப்புத் தர வேண்டின் 'பூக்காரம்மா' என உறவுப்பெயரைத் துணைக்கழைக்க வேண்டியுள்ளது. ஆணுக்கு இலக்கணம் தரும் மதிப்பைப் பெண்ணுக்குத் தாய்மை தருகிறது! உறவுப்பெயர் கூடாதவிடத்து 'வேலைக்காரி' என்னும் இழிப்பே எஞ்சுகிறது. 'வீட்டுக்காரர்' கணவரையும் வீட்டு உரிமையாளரையும் குறித்து உயர்ந்து நிற்பதை இதனோடு ஒப்பிடலாம்.

மும்பை வழக்கின் 'வாலா' இந்தியில் 'வாலீ' எனப் பெண்பாலாகும். தமிழ் இதழ்கள் 'டப்பாவாலாக்கள்' என்றெழுதும்போது பலர்பால் அர் ஈறே இடம்பெறுவதில்லை. ஒருமையிலும் மதிப்பு வந்தான், வந்தார் என்னும் வினைமுற்றிலேயே வெளிப்படுகிறது.

இவற்றுள் அடங்காதது 'தொழிலாளி'. 'காரி'யில் பெண்ணைச் சுட்டும் இகரம் இங்கே அவ்வாறு சுட்டுவதில்லை. ஆளன், ஆட்டி எனப் பிரிந்த பழைய இணைக்கு மாறாக, ஆளி ஈறு இருபாற்கும் பொதுவாய் நிற்கிறது. 'லேபர்' என்பதற்கு நேரான தமிழ்ச்சொல்லும் இவ்வீறு பெற்றதே.