திருப்பாலைத்துறை நெற்களஞ்சியம்: வடிவமும் கொள்ளளவும்

தஞ்சை நாயக்கர் காலக் கட்டடக்கலை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கோபுரம், மண்டபம், அரண்மனை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. கோயிலுக்கு வந்து சேர்ந்த நெல் எங்கே வைக்கப்பட்டது என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், பாலைவனநாதர் கோயிலைச் சார்ந்து நிற்கும் செங்கற் களஞ்சியம் அவ்வினாவுக்குக் கண்முன் உள்ள விடையாகும். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இச்சின்னம் 1600–1634இல் கட்டப்பட்டது, 36 அடி உயரமும் 86 அடி அகலமும் உடையது, 3000 கலம் கொள்வது என்று சொல்லப்பட்டு வருகிறது. இச்செய்திகள் தம்முள் பொருந்துகின்றனவா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

காலத்தைப் பொறுத்தவரை, 1600–1634 என்பது இரகுநாத நாயக்கரின் ஆட்சிக்காலம். அதனைக் கட்டுமானம் நடைபெற்ற ஆண்டுகளாகக் கொள்வது சரியன்று.

கொள்ளளவே சிக்கலானது. கலம் என்பது 12 மரக்கால். தஞ்சை வட்டாரத்தில் இரண்டு கலம் ஒரு மூட்டை. மூட்டைக்குச் சுமார் 60 கிலோ. எனவே 3000 கலம் என்பது 1500 மூட்டை, அதாவது ஏறத்தாழ 90 டன். இவ்வளவு நெல் அடைக்கும் இடம் சுமார் 5500 கன அடி. 86 அடியை விட்டமாகக் கொண்டால் தரைப்பரப்பே 5800 சதுர அடியாகிவிடும். களஞ்சியம் நிறைந்த நாளிலும் நெல் ஓரடி உயரத்துக்குக்கூட நில்லாது. முகத்தலளவைகள் ஊர்தோறும் காலந்தோறும் மாறியவை என்பது உண்மையே. ஆயினும் கலத்தின் அளவு இருமடங்காக இருந்திருந்தாலும் முரண் தீராது. மாறாக, 86 அடியைச் சுற்றளவாகக் கொண்டால் விட்டம் 27 அடி. சுவரின் தடிப்பை 3 அடி என வைத்துக்கொண்டால் நெல் சுமார் 16 அடி உயரம் நிற்கும். 36 அடி உயரக் கட்டடத்துக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. ஆகவே ‘அகலம்’ என வழங்குவது சுற்றளவே என்று கொள்ளலாம்.

இவ்வாறு கொள்ளும்போது வடிவத்தின் மூலமும் தெளிவாகிறது. மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கொட்டிக் கீழ்த்துளை வழியே நெல்லை எடுக்கும் வீட்டுக் குதிரின் பெருவடிவமே இது. வெவ்வேறு உயரங்களில் அமைந்த திறப்புகளும் அதே முறையைக் காட்டுகின்றன. குவிந்த நெல் சுவரை வெளிநோக்கித் தள்ளும். வட்டச்சுவர் அவ்விசையைச் சுற்றிலும் சமமாகத் தாங்கும். ஈரமும் பூச்சியும் தங்கும் மூலைகளும் அதில் இல்லை.

இங்கிலாந்தின் மடாலயக் களஞ்சியங்களோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பியூலி மடத்தாருக்காக எழுந்த கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம் 150 அடிக்கு மேல் நீளமான, மரத்தூண்கள் தாங்கும் கூடம். ஈரமிகுந்த அந்நாட்டில் கதிர்க்கட்டுகளையே உள்ளே அடுக்கிக் குளிர்காலம் முழுவதும் அங்கேயே கதிரடித்தனர். வண்டி நுழையும் உயர்ந்த வாயில்களும் அதற்கென அமைந்தவை. காவிரிப்படுகையிலோ சம்பா அறுவடை தை, மாசி மாதங்களின் வெயிலில் நிகழ்வது. போரடி, தூற்றல், உலர்த்தல் யாவும் திறந்த களத்திலேயே முடிந்துவிடும். வைக்கோல் போராகும், நெல் மட்டுமே கட்டடத்துக்குள் வரும். இரண்டும் சமய நிறுவனங்களின் தானியக் கட்டடங்களே. ஆனால் அங்கே களமும் களஞ்சியமும் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. இங்கே அவை பிரிந்து நின்றன.

கோயில் வளாகத்தில் இத்தகைய கட்டடம் தனியொரு விந்தையன்று. திருவரங்கத்திலும் வட்டவடிவக் களஞ்சியங்கள் உள்ளன. அவை கொட்டாரம் எனப்படுகின்றன. அதற்கும் முன்னரே, தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டுகள் ஆடவல்லான் என்னும் மரக்காலால் நெல் அளக்கப்படவேண்டும் என விதித்துள்ளன. அளவுகோலுக்கே இறைவன் பெயரைச் சூட்டிய நிறுவனம், அளந்த நெல்லைக் காக்கும் கட்டடத்தையும் அதே அக்கறையோடு எழுப்பியிருக்கும் என எதிர்பார்ப்பது மிகையன்று. கருவறையின் உறுப்புகளை அங்குல அளவில் வரையும் நாம், அந்தக் கருவறைக்குப் படியளந்த கட்டடத்தின் அகலம் எது, சுற்றளவு எது என்று பிரித்தறியாமல் எழுதிவருகிறோம். திருப்பாலைத்துறையில் முதலில் வேண்டுவது உட்புற விட்டம், சுவர்த்தடிப்பு, திறப்புகளின் உயரம் ஆகிய மூன்றையும் அளந்து வரைந்த ஒரு குறுக்குவெட்டுப் படம்.