உத்திரமேரூர் ஏரி வாரியமும் உள்ளாட்சியின் சூழல் பொறுப்பும்

முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஆற்றிய பணியும் ஆராயத்தக்கது.

ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் ஆண்டுதோறும் தேர்வான முப்பதின்மருள் 12 பேர் சம்வத்சர வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் 360 நாள் பணியாற்றினர். முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தோர், கல்வியாலும் வயதாலும் மூத்தோர் ஆகியோரையே சம்வத்சர வாரியத்திற்குக் கொள்ளவேண்டும் என்பது 921ஆம் ஆண்டின் விதி. நீரையும் நிலத்தையும் பேணிய பட்டறிவு உயர்பொறுப்புக்குரிய தகுதியாக மதிக்கப்பட்டமையை இவ்விதி காட்டுகிறது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் நெருங்கிய உறவினரும் தேர்தலிலிருந்து விலக்கப்பட்டனர்.

எனினும், இவ்வமைப்பை இன்றைய சூழலியல் நோக்கோடு ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது. ஏரி வாரியத்தின் நோக்கம் பாசனமே. உயிரினப் பாதுகாப்பு அன்று. உறுப்பினராவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதக்கல்வி ஆகியன பொதுவாக வேண்டப்பட்டன. எனவே ஏரியை நம்பி உழைத்த பெரும்பாலோர்க்கு அதில் இடமில்லை.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கப் பணித்தது. 2004ஆம் ஆண்டின் விதிகள் அக்குழுவில் மகளிர்க்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கும் இடமளித்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உருவாக்குவதை அதன் முதன்மைப் பணியாக்கின. பங்கேற்பு விரிந்துள்ளது. ஆனால் உத்திரமேரூர்ச் சபை கணக்குக்கு அளித்த கண்டிப்பை நியமன உறுப்பினர்களாலான இக்குழுக்களும் பெறும்போதே பதிவேடு பாதுகாப்பாக மாறும்.