மிட்டாய்க்காரர் காட்டிய படக்கதை

மாணவர்களே, ஜப்பானிய அனிமே எங்கிருந்து தொடங்கியது என்று கேட்டால், பலரும் தொலைக்காட்சி என்றுதான் சொல்வீங்க. இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்க. அங்கே ஒரு சைக்கிள் நிற்கும்.

1930 வாக்கில் உலகப் பொருளாதார மந்தத்தால் ஜப்பானில் பலருக்கு வேலை போனது. அவர்களில் சிலர் சைக்கிளில் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். இரண்டு மரக்கட்டைகளைத் தட்டினால் போதும், பிள்ளைகள் ஓடி வந்துடுவாங்க. முதலில் மிட்டாய் வியாபாரம். பிறகு பெட்டியில் உள்ள படங்களை ஒவ்வொன்றாக உருவி, குரலை மாற்றி மாற்றிக் கதை சொல்வார்கள். இதுதான் கமிஷிபாய். ‘கமி’ என்றால் தாள். ‘ஷிபாய்’ என்றால் நாடகம். மிட்டாய் வாங்கிய பிள்ளைக்கு முன்வரிசை. விறுவிறுப்பான கட்டத்தில் கதை நின்றுவிடும், மிச்சம் நாளைக்கு! மண்டையோட்டு முகம் கொண்ட ‘தங்க வௌவால்’ என்ற வீரன் இந்தப் பெட்டியில்தான் பிறந்தான். சூப்பர்மேன் வந்தது அதற்குப் பிறகு, 1938இல்.

போர்க்காலத்தில் அதே கலை அரசாங்கத்தின் கைக்குப் போனது. சேமிப்பு, தியாகம், படைச்சேவை ஆகியவற்றை வலியுறுத்தும் கதைகள் அச்சாகின. பள்ளிகளில் மட்டுமல்ல, தொழிற்சாலைகளில் பெரியவர்களுக்கும் அவை காட்டப்பட்டன. 1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகு, அமெரிக்கத் தலைமையிலான நிர்வாகமும் கமிஷிபாயைத் தணிக்கை செய்தது. வெறும் தாள் படம்தானேன்னு யாரும் விட்டுவிடவில்லை.

1953இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. மக்கள் அதை ‘மின்சாரக் கமிஷிபாய்’ என்றார்கள். தெருவில் கூட்டம் குறைய, ஓவியர்கள் சிலர் மாங்கா வரையப் போனார்கள். போரில் இடக்கையை இழந்த மிசுக்கி ஷிகெரு அவர்களில் ஒருவர். கமிஷிபாயில் உலவிய கிதாரோ என்ற பாத்திரத்தை அவர் மாங்காவுக்குக் கொண்டுவந்தார். 1968இல் அது தொலைக்காட்சி அனிமே ஆனது.

எனவே, பொழுதுபோக்கின் தாக்கம் பற்றித் தேர்வில் வினா வந்தால், ‘மக்களை மகிழ்வித்தது’ என்று எழுதி நிறுத்திடாதீங்க. யாருடைய காசில் அது நடந்தது என்றும் கேளுங்க. பிள்ளைகளின் சில்லறையில் ஓடியபோது, கமிஷிபாய் அவர்கள் கேட்க விரும்பிய கதையைச் சொன்னது. அரசின் ஆதரவில் ஓடியபோது, அரசு சொல்ல விரும்பியதைச் சொன்னது.

ஆசிரியர்களே, பிள்ளைகள் இன்று பார்க்கும் ஒரு கேலிச்சித்திரத்தை எடுத்துக்கொண்டு, வகுப்பில் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க.