முக்கொம்பும் ஒரு ரிப்பீட்டர் சிப்பும்

நான் பொட்டி தட்டுறது மென்பொருளுக்குத்தான். ஆனாலும் ஆபீஸில் ஹார்டுவேர் ஆசாமிகள் பேசுவது காதில் விழுந்தபோது எங்க தஞ்சாவூர்தான் ஞாபகத்துக்கு வந்தது. பயப்படாதீங்க, தலைசுத்துற மேட்டர் இல்லை :-)

விநாடிக்குப் பல நூறு கோடி பிட் வேகத்தில் ஓடும் சிக்னல், போர்டில் செப்புத் தடம் நீள நீள இளைச்சுப் போகும். எங்க பாஷையில் சொன்னா, கடைமடைக்குத் தண்ணி ஏறாது. அதைத் தூக்கிவிட ரிப்பீட்டர் வேணும். பாதையை மாத்திவிட ஸ்விட்ச் வேணும். வம்பு என்னன்னா, அந்த ஸ்விட்சும் தன் பங்குக்குக் கொஞ்சம் சிக்னலைத் தின்னுடும். 2014ல் வந்த யூஎஸ்பி-சி பிளக்கை எந்தப் பக்கமும் சொருகலாம். அதனால் சிக்னல் எந்த ஜோடிக் கம்பியில் வருதுன்னு பார்த்துத் திருப்பணும், இழப்பையும் சரிக்கட்டணும். ரெண்டு வேலையையும் ஒரே சிப்பில் வெச்சுட்டா இடமும் மிச்சம், இழப்பும் குறைவு.

இதே காரியம் 1836லேயே காவிரியில் நடந்திருக்கு!

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், சரிவு அதிகம். தெற்கே காவிரி, மணல் சேர்ந்து மேடாகிப்போன படுகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் கொள்ளிடம் வழியாகவே கடலுக்கு ஓட, தஞ்சைப் பாசனம் தவித்தது. ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். ஒரே சுவர், இரண்டு வேலை: நீர்மட்டத்தை ஏற்றியது, ஏறிய நீரைக் காவிரிப் பக்கம் திருப்பியது. சரி, கொள்ளிடத்தை நம்பியிருந்தவங்க கதி? அதுக்குத்தான் அதே காலத்தில் அணைக்கரையில் கீழணை. கீழே வந்து சேரும் நீரை மறுபடி மட்டம் ஏற்றி வாய்க்கால்களுக்கு அனுப்பியது. அதாவது இரண்டாவது ரிப்பீட்டர்.

(சிப்புக்கு வெளியிலிருந்து கரண்ட் வருது. அணைக்கு ஆற்றின் சரிவுதான் முதல். ஒப்புமை அவ்வளவுக்குத்தான்.)

கதை அங்கே முடியலை. தூக்கிவிட்டது கொஞ்சம் ஓவராப் போச்சு. காவிரிக்குள் அளவுக்கு மீறி நீர் புகுந்து படுகையை அரிக்க ஆரம்பித்தது. 1843ல் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தினார்கள். 1845ல் காவிரித் தலைப்பில் படுகை மட்டத்துக்கு ஒரு சுவரும் கட்டினார்கள். ரிப்பீட்டரிலும் இதே தொல்லைதான். அளவுக்கு மேல் தூக்கினா சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்து ஏறி, வந்தது 0வா 1ஆன்னே தெரியாமப் போயிடும். அந்தப் பழைய மேலணையில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் 9 மதகுகள் உடைந்து, பிறகு புதுக் கதவணையே கட்ட வேண்டியதாயிற்று.

எனக்குப் பட்டது இதுதான். ஹார்டுவேர்காரங்க சிக்னலை அனுப்புற முனையில் பார்த்துட்டுத் திருப்தி அடையறதில்லை. வாங்குற முனையில் அளந்து பார்த்து, அதுக்கேத்த மாதிரிதான் ரிப்பீட்டரை ஏத்தி இறக்குறாங்க. நாமோ மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தாங்கன்னு பேப்பரில் படிச்சதோட விட்டுடறோம். வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயல் நனைஞ்சுதான்னு போய்ப் பார்த்தால்தானே கணக்கு நேராகும்?