தாசில்தார் சொல்லித்தரும் அரபி

அமீரகத்துப் பள்ளிகளில் அரபி கட்டாயப் பாடம் என்பதால், நம்மவர் வீடுகளில் மாலை நேரம் எப்படிப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மகளின் புத்தகத்தில் ஒரு விவசாயியைப் பற்றிப் பத்து வரிப் பாடம். எட்டு வரி தட்டுத் தடுமாறி வந்துவிட்டாள். ஒன்பதாவதில் 'மஹ்ஸூல்' என்று வந்ததும் நின்றுவிட்டாள். அகராதியில் 'ம' வரிசையில் தேடினால் கிடைக்காது. பலர் வீட்டிலும் இருக்கிற ஹான்ஸ் வேர் அகராதி வேர்ச்சொல் வரிசையில் அமைந்தது. முன்னால் ஒட்டிய 'ம'வைக் கழற்றிவிட்டு ஹ-ஸ-ல என்ற மூன்று எழுத்தின் கீழ் பார்க்க வேண்டும்.

ஆனால் சித்தூர்க்காரனுக்கு அகராதி எதற்கு? அது நம்ம மகசூல்தானே!

எங்கள் ஊர்ப்பக்கம் இந்தச் சொற்கள் வந்த கதை சுவையானது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மொகலாயர் படை கர்நாடகத்துக்கு வந்தது. பிறகு ஆற்காடு நவாபுகளின் ஆட்சி. திருப்பதி, சித்தூர் எல்லாம் அவர்கள் கையில். (1740-ல் நவாப் தோஸ்த் அலி மராட்டியரோடு மோதி உயிர்விட்டது பாகாலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தாமலசெருவுக் கணவாயில்தான். அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?) நவாபின் கணக்கு வழக்கு பாரசீகத்தில் நடந்தது. பாரசீகமோ அரபிச் சொற்களை மூட்டை மூட்டையாகக் கடன் வாங்கிய மொழி. 1801-ல் கம்பெனி நாட்டை எடுத்துக்கொண்டபோது கணக்குச் சொற்களை மாற்றவில்லை. 1911-ல் தனி ஜில்லா ஆகும்வரை வடஆற்காட்டின் தலைநகராக இருந்தது சித்தூர். ஆகவே கச்சேரித் தமிழும் கச்சேரித் தெலுங்கும் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இப்போது அந்த ஹ-ஸ-லவுக்கு வருவோம். பெறுதல், திரட்டுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். நிலம் தருவது மஹ்ஸூல். திரட்டும் வேலை தஹ்ஸீல், அதைச் செய்பவர் தாசில்தார் ('தார்' பாரசீக ஒட்டு, அதை விட்டுவிடலாம்). சிறுவர் பாடங்களில் அடிக்கடி வரும் 'ஹஸல அலா' என்றால் 'கிடைக்கப் பெற்றான்'. ஒரு வேர் பிடிபட்டால் மூன்று சொல் கையில்.

பாரசீகம் வழியாக வந்ததால் ஒலி மாறியிருக்கும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். அரபியின் கனத்த 'ளாத்' எழுத்தைப் பாரசீகர் 'ஸ' போல இழுத்து உச்சரித்தார்கள், நாம் அதை 'ஜ' ஆக்கினோம். 'ஹ' சில சமயம் காணாமல் போகும், சில சமயம் 'க' ஆகும். வகுப்பில் பிள்ளைகள் 'ஹாளிர்' என்று கை தூக்குகிறார்களே, அது கோர்ட்டில் கூப்பிடும் ஆஜர். கூட்டக் குறிப்புக்கு அரபியில் 'மஹ்ளர்', நம்மூரில் மகஜர். இங்கே எதை வாங்கினாலும் ஒட்டித் தரும் 'ளமான்' என்கிற உத்தரவாதச் சீட்டும் நம்ம ஜாமீனும் ஒரே வேர். ஆனால் ஜமீன் வேறு, அது சுத்தப் பாரசீகம். அதில் மூன்றெழுத்து வேர் தேடினால் நேரம்தான் வீண்.

எனக்கு மிகவும் பிடித்தது மிராசு. திருமலைக் கோயிலில் அர்ச்சகர் குடும்பங்களின் பரம்பரை உரிமைக்கு அதுதான் பெயர். 1987-ல் ஆந்திர அறநிலையச் சட்டம் அதை ஒழித்தது, 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை உறுதி செய்தது. ஏழுமலையான் சன்னதி உரிமைக்கே அரபிப் பெயர்! 'மீராஸ்' என்றால் மரபுச் சொத்து. வேர் வ-ர-ஸ. வகரம் நெடிலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதே வேரில் வெளிப்படையாக நிற்கும் சொல் 'வாரிஸ்', அதாவது வாரிசு. மிராசையும் வாரிசையும் பக்கத்தில் எழுதிக் காட்டியபோதுதான் மகளுக்கு அந்த மூன்றெழுத்து விளையாட்டு புரிந்தது. மறுநாள் அவளாகவே 'மத்கல்' என்ற பலகையைக் காட்டி, "தாக்கலாப்பா?" என்றாள். நுழைவாயில். அதே த-க-ல. சித்தூரைக் கோடை விடுமுறையில் மட்டும் பார்த்த பெண் தாலுகா ஆபீஸ் சொல்லைத் துபாயில் கண்டுபிடிப்பது, எனக்கென்னவோ அரபி மார்க்கைவிடப் பெரிதாகத் தெரிகிறது. (தாலுகாவை ஆந்திரத்தில் 1985-ல் மண்டலமாக்கிவிட்டார்கள். தாசில்தார் மட்டும் தப்பிவிட்டார்!)

கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. வேர் சொல்வது திசையைத்தான். சுற்றியிருக்கும் வரிதான் பொருளை முடிவு செய்யும். இங்கே லாரியில் 'நக்ல்' என்று எழுதியிருந்தால் நகல் எடுக்கும் கடை என்று ஏறிவிடாதீர்கள், அது சரக்குப் போக்குவரத்து. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் மூலப்பொருள். எழுத்தை இன்னொரு தாளுக்குக் கொண்டுபோனால் நம்மூர் நகல். 'மஅமூல்' அதைவிட வேடிக்கை. செய்யப்பட்டது, வழக்கமாக நடப்பது என்று அர்த்தம். நம்மூரில் அதை எங்கே, எப்படிக் கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். இங்கே பெருநாள் சமயத்தில் பேரீச்சம்பழம் வைத்த பலகாரமாகத் தட்டில் வரும், தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.