ருவான்வெல்லை இடாப்பில் ஒரு பெயர்



வாக்கு என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. ஒருவர் வாயிலிருந்து பிறக்கும் சொல்லும் வாக்கு. தேர்தல் நாளிலே அவர் பெட்டியில் இடும் சீட்டும் வாக்கு. வாக்கைப் பறித்தல் என்பது வாயை அடைத்தலே என்பதை நம் மொழி சொல்லாமற் சொல்லி வைத்திருக்கிறது. இதன் உண்மையை ஏட்டிலே படித்து அறிந்தவர் பலர். வாழ்ந்து அறிந்தவர் மலையகத்தார், அவர்களுள்ளும் சிறப்பாக நம் சப்ரகமுவத் தோட்டத்து மக்கள். இந்த மாகாணத்து வாக்காளர் இடாப்பொன்றிலே ஒரு பெயரைச் சேர்ப்பதற்காக இலண்டன் வரை சென்ற வழக்கைப் பற்றியதே இன்றைய உரை.

வாக்குரிமையின் வரலாறு தமிழருக்குப் புதியதன்று. குடவோலை முறையைப் பற்றிய குறிப்பு அகநானூற்றிலேயே வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை, அம்முறையை விரிவாகவே பேசுகின்றன. மேடைகளிலே அவற்றைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். ஆனால் அக்கல்வெட்டை முழுமையாகப் படிப்பவர் வேறொன்றையும் காண்பர். குடத்திலே பெயர் இடப்படுவதற்கு வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருத்தல் வேண்டும். நிலமில்லாதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவில்லை. யாரை உள்ளே விடுவது, யாரை வாசலிலேயே நிறுத்துவது என்பதே அன்று தொட்டு இன்று வரை தேர்தலின் முதற் கேள்வி. வேட்பாளர் யார் என்பது இரண்டாவது கேள்விதான்.

சொந்த மனையில்லாத இலயத்து மக்களுக்கு இந்தக் கேள்வி எப்படி வந்து சேர்ந்தது என்று பார்ப்போம்.

1919ஆம் ஆண்டிலே சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தை நிறுவினார். அதன் செயலாளராகத் தோள் கொடுத்தவர் பெரி. சுந்தரம். பெரியண்ணன் என்ற கங்காணியின் மகனாகத் தோட்டத்திலே பிறந்து, கேம்பிரிட்ஜ் சென்று சட்டம் பயின்று திரும்பியவர் அவர். கங்காணி வீட்டுப் பிள்ளை கங்காணிமாரின் பிடியிலே கிடந்த தொழிலாளிக்காகச் சட்டப் புத்தகத்தைத் திறந்தார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. தொழிலாளியைக் கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921இலே சட்டத்தால் ஒழிந்தது. அந்த இயக்கத்திலே இச்சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னர் 1931இலே முதலாவது அரசாங்க சபைக்கு ஹட்டனிலிருந்து தெரிவான பெரி. சுந்தரம், தொழில், கைத்தொழில், வணிக அமைச்சரானார்.

அந்த 1931ஆம் ஆண்டுதான் இலங்கை சர்வசன வாக்குரிமை பெற்ற ஆண்டு. ஆனால் 'சர்வசனம்' என்ற சொல்லுக்குள்ளே தோட்டத் தொழிலாளி முழுமையாக அடங்கவில்லை. ஐந்தாண்டு வதிவு போதுமென்று டொனமூர் ஆணைக்குழு முதலிலே கருதியது. நாட்டின் தலைவர்கள் பலர் அதை எதிர்த்தனர். முடிவிலே, நிரந்தரக் குடியிருப்பு உடையவர், கல்வியும் சொத்தும் உடையவர், நிரந்தரமாகக் குடியேறியதற்கான சான்றிதழ் பெற்றவர் என வாசல்கள் வகுக்கப்பட்டன. அத்தனை காவலையும் கடந்து 1931இலே ஏறத்தாழ ஓர் இலட்சம் இந்திய வம்சாவளியினர் இடாப்பிலே ஏறினர். 1939இலே அத்தொகை 2,25,000 அளவுக்கு உயர்ந்தது. பதிவு விதிகள் இறுக்கப்பட்டதும் 1943இலே 1,68,000 அளவுக்கு வீழ்ந்தது. மக்கள் குறையவில்லை; பதிவேடுதான் சுருங்கியது.

நேயர்களே, இங்கே நம் மாகாணத்தின் நிலைமையை வேறாக வைத்து நோக்க வேண்டும். நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் தோட்டங்கள் தொடர்ச்சியாக அமைந்தவை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அந்த ஏழிலே ஒன்றுகூட சப்ரகமுவவிலே இல்லை. இங்கே தேயிலையும் இறப்பரும் சிங்களக் கிராமங்களோடும் வயல்களோடும் இரத்தினக்கல் அகழ்விடங்களோடும் கலந்து கிடப்பவை. நிவித்திகலவைச் சூழ்ந்த தொலஸ்வல, தெல்வல போன்ற பகுதிகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய இடத்திலே வாக்கு என்பது தம்மவர் ஒருவரைப் பாராளுமன்றம் அனுப்பும் கருவியன்று. வேட்பாளர் எவராயினும், எந்த மொழி பேசுபவராயினும், அவரை இலயத்து வாசல் வரை வரச் செய்யும் கருவி. 'உன் குறை என்ன?' என்று ஒருவரைக் கேட்க வைக்கும் ஆற்றலே சிறுபான்மையாய்ச் சிதறி வாழ்பவனுக்கு வாக்கு தரும் பலன். அதனால் வாக்கிழப்பும் இங்கேதான் கூடுதலாக வலித்தது. அங்கே பிரதிநிதி போனார். இங்கே கேட்பாரே இல்லாமற் போயினர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையிலே பிறந்திருத்தல் மட்டும் போதாது; தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பாட்டன் பிறந்ததற்கு எந்த இலயத்திலே பத்திரம் இருந்தது? அமெரிக்காவின் தென் மாநிலங்களும் ஒரு காலத்திலே 'பாட்டனார் விதி' ஒன்றை வைத்திருந்தன. பாட்டனுக்கு வாக்கிருந்தால் பேரனுக்குப் பரீட்சை இல்லை என்பது அதன் சாரம். பாட்டன் அடிமையாயிருந்த கறுப்பினத்தவன் அதனால் வெளியே நின்றான். அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1915இலே அதைச் செல்லாதென்றது. அந்த விதியிலும் நம் சட்டத்திலும் 'கறுப்பர்' என்றோ 'தமிழர்' என்றோ ஒரு சொல் இல்லை. பெயரைச் சொல்லாமலே ஒரு கூட்டத்தைப் புறத்தே நிறுத்தும் வித்தை அது.

அடுத்து, 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசை அல்லாதவர் வாக்காளர் அல்லர் என்றது. கதவு அடைபட்டது.

அந்தக் கதவைத் தட்டியவர்தான் கோடாக்கன் பிள்ளை. தட்டிய இடம் கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதி. தம் பெயரை வாக்காளர் இடாப்பிலே சேர்க்கக் கேட்டார். அவர் இலங்கைப் பிரசை அல்லர் என்று கூறிப் பதிவு அதிகாரி முதனாயக்க மறுத்தார். மேன்முறையீடு மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரத்திடம் சென்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவருக்கு மட்டும் தகுதியீனத்தை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்கிறது. ஆகவே இச்சட்டங்கள் செல்லா. பெயரைச் சேர்க்கலாம் என்று அவர் தீர்த்தார். ஓர் அதிகாரி, பாராளுமன்றத்தின் சட்டத்தை அரசியலமைப்பின் முன் நிறுத்தி நிறுத்துப் பார்த்த துணிவு நினைவிலே வைக்கத் தக்கது.

அரசு தரப்பு உயர் நீதிமன்றம் சென்றது. 1951இலே அத்தீர்ப்பு இரத்தாயிற்று. சட்டத்தின் சொற்களையே நீதிமன்றம் பார்க்கும். இயற்றியவர்களின் அரசியல் நோக்கத்தைத் தேடிப் போகாது என்பது அங்கே சொல்லப்பட்ட நியாயம். வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்கு ஏறியது. 1953இலே அங்கும் தோல்விதான். தன் பிரசைகள் யார் எனத் தீர்மானிப்பது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான பணி என்றும், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் இம்மக்களுக்கு ஒரு வழியைத் திறந்திருக்கிறது என்றும் அக்கழகம் கூறியது.

இதே கேகாலை மாவட்டத்திலிருந்து அதே கோமறைக் கழகத்துக்கு முன்னர் போன மற்றொரு வழக்கை இங்கே அருகிலே வைத்துப் பார்க்கலாம். 1946இலே உருளவள்ளித் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்காக அரசு எடுத்துக்கொண்டபோது, தொழிலாளர் இலயங்களை விட்டு வெளியேற மறுத்தனர். அத்துமீறல் குற்றஞ் சாட்டப்பட்டது. தன் வீட்டிலே தங்கியிருக்கும் எண்ணம், பிறரைத் தொல்லைப்படுத்தும் எண்ணமாகாது என்ற வாதம் 1950இலே கோமறைக் கழகத்தில் வென்றது. ஆக, இலயத்து அறை அவனுடைய வீடு என்பதைச் சட்டம் ஒப்பியது. அந்த வீடிருக்கும் நாடு அவனுடையதா என்ற கேள்விக்குத்தான் ஆமென்று சொல்லவில்லை.

கோமறைக் கழகம் சுட்டிக் காட்டிய அந்த 'வழி' எத்தகையது? 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை நிறுவ வேண்டும். விண்ணப்பத்துக்கு 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியோடு கெடு முடிந்தது. தொடக்கத்திலே பகிஷ்கரித்த காங்கிரஸ் பின்னர் மனம் மாறிற்று. தோட்டந்தோறும் படிவங்கள் நிரப்பப்பட்டன. 2,37,034 விண்ணப்பங்கள், ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் மக்களுக்காகப் போயின. செக்ரோல் புத்தகம், பிறப்புப் பத்திரம், துரையின் கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்பட்டது. ஊரிலே தாய் இறந்து போய்வந்த பயணம் 'இடையறாத' வதிவை அறுத்துவிடும். 1960களின் தொடக்கத்திலே கணக்குப் பார்த்தபோது பிரசாவுரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 1,34,000 பேர்தான். ஆறிலே ஒருவர். எஞ்சிய ஐவர் தம் பெயரில்லாத இடாப்பைத் தூர நின்று பார்த்தனர்.

1952இலே பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் நடந்தது. அந்த ஆண்டுத் தேர்தலிலே காங்கிரஸ் வென்றிருந்த ஏழு ஆசனங்களும் பறிபோயின. இவற்றினும் விந்தையான செய்தி ஒன்று உண்டு. 1959ஆம் ஆண்டுத் தொகுதிப் பிரிப்பிலே ஆசனங்களைப் பகிர்வதற்குக் குடிசனத் தொகை கணக்கிடப்பட்டபோது நாடற்றவர்களும் அதிலே எண்ணப்பட்டனர். மலைநாட்டுத் தொகுதிகளின் தொகை அவர்களால் உயர்ந்தது, அவர்களுக்கு வாக்கில்லை. தலை எண்ணும்போது மனிதன். வாக்கெண்ணும்போது அவன் இல்லை.

1964 ஒக்டோபரிலே கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களைத் தொகைகளாகப் பங்கிட்டது. ஐந்தேகால் இலட்சம் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் இலங்கைக்கு, ஒன்றரை இலட்சம் பின்னர் பார்க்கலாம். உடன்பிறந்தார் இரு நாட்டாராயினர். 1977இலும் 1981இலும் சப்ரகமுவத் தோட்டங்களிலே வன்செயல் மூண்டபோது, இலயங்களை விட்டு ஓடியவர்களுட் பலர் வாக்கில்லாதவர்கள். அவர்களுக்காக எழுந்து கேட்கும் கட்டாயம் எந்த உறுப்பினருக்கும் இல்லை. வாக்கிருந்திருந்தால் தீ மூண்டிராது என்று நான் சொல்லவில்லை. மறுநாள் வந்து பார்க்கவாவது ஒருவர் இருந்திருப்பார்.

வாக்கு மெல்ல மெல்லவே திரும்பியது. 1986, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றவர் என்ற பெயரைத் துடைத்தன. ஒரு பெயரை இடாப்பிலிருந்து எடுக்க ஓராண்டு போதுமாயிருந்தது. திரும்ப எழுத அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. கோடாக்கன் பிள்ளை வழக்கிலே தோற்றவர்தாம். ஆயினும் 29ஆம் பிரிவின் காப்பு எவ்வளவு மெலிந்தது என்பதை அவ்வழக்குத்தான் சட்டம் படிப்போர்க்கு இன்று வரை காட்டுகிறது. தோற்ற வழக்கும் சாட்சியாக நிற்கும்.

கதை அத்தோடு முடிந்ததா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்து வீதிக்குச் சபைப் பணத்தைச் செலவிட இயலாதிருந்தது. தோட்டத்தான் வாக்களித்துத் தெரிவு செய்த சபைக்கே அவன் வீதியைத் தொட உரிமையில்லை. 2018இலேதான் அது திருத்தப்பட்டது. 2024 நவம்பர் பொதுத் தேர்தலிலே இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் தெரிவாகிப் பிரதி அமைச்சரானார். 1947இலே நம் மாகாணத்துக்குக் கிட்டாத ஒன்று, பல்லின வாக்குகளோடு சேர்ந்து கிட்டியது. கட்சி எதுவாயினும், சிதறி வாழ்பவனின் வாக்குக்கும் எடை உண்டென்பதற்கு அது சான்று.

ஆனால் அந்த எடை இடாப்பிலே பெயருள்ளவனுக்கே. தோட்டத்திலே பல குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லை; கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே வரும். கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன பிள்ளையின் பெயர் அங்கும் இல்லை, இங்கும் இல்லை என்ற நிலை நேர்கிறது. அடையாள அட்டை எடுக்காத மூதாட்டி, பெயரிருந்தும் வாக்குச் சாவடி வாசலிலே நிற்க நேரிடும். இவற்றுக்குச் சட்டம் தடையன்று. நம் அசட்டையே தடை. வழக்குப் பேச இலண்டன் போக வேண்டியதில்லை. கிராம உத்தியோகத்தரிடம் படிவத்தைக் கேட்டு, எழுதத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கும் நிரப்பிக் கொடுக்க, படித்த பிள்ளை ஒன்று இலயத்துக்கு ஒன்று இருந்தாற் போதும். பெரி. சுந்தரம் அன்று சட்டப் புத்தகத்தைத் திறந்ததும் இதே பணிக்காகத்தான்.

இம்முறை இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும்போது, நேயர்களே, உங்கள் பெயரைத் தேடுங்கள். அதைக் கண்ட பின் அடுத்த வீட்டுப் பெயரையும் தேடுங்கள்.