ஒரு பெயர், ரெண்டு நோய்: புராஸ்டேட் ஆபரேஷனும் பூப்பெலும்பும்

அடிவயிறு முடிகிற இடத்தில் கை வைத்து அழுத்தினால் ஓர் எலும்பு தட்டுப்படும். அதுதான் பூப்பெலும்பு. இடமும் வலமுமாக ரெண்டு எலும்புகள், நடுவில் குருத்தெலும்பு. அதற்குப் பின்னால் சிறுநீர்ப்பை, அதற்குக் கீழே புராஸ்டேட். பழைய புராஸ்டேட் ஆபரேஷன்களில் இந்த எலும்பை யாரும் வெட்டவில்லை. ஆனாலும் சில வாரம் கழித்து, வெகு சிலருக்கு அந்த எலும்பே அரிக்க ஆரம்பித்தது. எதனால்?

கொஞ்சம் பின்னால் போவோம். இந்தியாவில் ராணுவ மருத்துவ சேவையில் பல வருஷம் இருந்துவிட்டு லண்டன் திரும்பிய பீட்டர் ஃப்ரேயர், 1900இல் பூப்பெலும்புக்கு மேலே கீறி, சிறுநீர்ப்பையைத் திறந்து, அதன் வழியாகப் புராஸ்டேட்டை எடுத்தார். (நியூயார்க்கில் யூஜீன் ஃபுல்லர் இதை முன்பே செய்திருந்தார். யார் முதல் என்ற சண்டை தனிக்கதை.) இந்த முறை பரவியது.

1924இல் நியூயார்க் சிறுநீரக சர்ஜன் எட்வின் பியர் ஒரு கட்டுரை எழுதினார். இப்படி மேலே கீறிச் செய்த ஆபரேஷன்களுக்குப் பிறகு சிலருக்குப் பூப்பெலும்பின் மேலுறையில் அழற்சி வருகிறது என்றார். அடையாளங்கள் தெளிவானவை: நடுவில் கடும் வலி, தொடையின் உள்பக்கத் தசை இறுகுவது, வாத்து மாதிரி நடை. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியச் சில வாரம் ஆகும். பிறகு எலும்பின் ஓரம் பூச்சி அரித்த மாதிரி இருக்கும், நடு இடைவெளி அகலும். இதற்கு 'ஆஸ்டைட்டிஸ் ப்யூபிஸ்' என்ற பெயர் நிலைத்தது.

1945இல் டெரன்ஸ் மில்லின் 'லான்செட்' இதழில் புது வழி சொன்னார். சிறுநீர்ப்பையைத் திறக்க வேண்டாம், எலும்புக்கும் பைக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாக நேரே புராஸ்டேட்டுக்குப் போகலாம். நல்ல முறைதான். ஆனால் சர்ஜனின் கருவிகள் இப்போது எலும்பின் முதுகை ஒட்டியே வேலை செய்தன. அடுத்த சில வருஷங்களில் இந்த வலி பற்றிய ரிப்போர்ட்டுகள் கூடின.

காரணம் என்ன என்பதில்தான் குழப்பம். கிருமி என்றது ஒரு தரப்பு. கருவி அழுத்திய காயம் என்றார்கள் சிலர். ரத்தக் குழாய் அடைப்பு, கசிந்த சிறுநீர் என்றும் சொல்லப்பட்டது. இதற்கிடையில் ஆபரேஷனே செய்யாத விளையாட்டு வீரர்களுக்கும் இதே வலி வருவது தெரிந்தது. அப்போ கிருமி இல்லாமலும் வரலாம்! 1950களில் கார்ட்டிசோன் கொடுத்துப் பலருக்கு வலி குறைந்தது. 'ஓய்வு எடுத்தால் தானாகச் சரியாகும்' என்ற எண்ணம் வலுத்தது.

சிக்கல் இங்கேதான். எங்கள் தொழிலில் ஒரே எர்ரர் மெசேஜுக்குப் பின்னால் ரெண்டு வேறு பக் இருப்பது சகஜம். இங்கேயும் அதே கதை. ஒன்று கிருமியில்லாத அழற்சி, அது மெல்ல ஆறும். மற்றது எலும்புக்குள் கிருமி புகுந்த ஆஸ்டியோமைலைட்டிஸ், அது தானாக ஆறாது. ஆரம்பத்தில் வலி, நடை, எக்ஸ்ரே மூன்றும் ரெண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாவதுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு, ரெண்டாவதில் கிருமிக்கு வழிவிடும்.

இன்று திறந்த ஆபரேஷன் குறைந்துவிட்டது, பிரச்சினை வேறு வடிவில் வருகிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவருக்கு சிறுநீர்ப் பாதை சுருங்கும். அதை உள்ளே கருவி விட்டு வெட்டி விரிப்பார்கள். கதிர்வீச்சு பட்ட திசு சரியாக ஆறாது. வெகு அரிதாக, அங்கே ஓட்டை விழுந்து சிறுநீர் நேராகப் பூப்பெலும்பு இணைப்புக்குள் கசியும். கசிவு நிற்காதவரை ஆன்டிபயாட்டிக் மட்டும் பெரும்பாலும் போதாது. கெட்ட எலும்பை எடுத்து, சில சமயம் சிறுநீர்ப் பாதையையே திருப்பிவிட வேண்டியிருக்கும்.

எனவே புராஸ்டேட் சிகிச்சை முடிந்த அப்பாவோ மாமாவோ நடக்கும்போது இடுப்பின் முன்பக்கம் வலிக்கிறது என்றால், 'வயசாயிடுச்சு, மூட்டு வலி' என்று விடாதீர்கள். பழைய ஆபரேஷனையும் கதிர்வீச்சையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. கசிவைக் காட்டும். எலும்பில் ஊசி போட்டு எடுக்கும் கல்ச்சர், கிருமி இருக்கிறதா, எந்தக் கிருமி என்று சொல்லும்.